ஏழாம் அடுக்கு

எரிமலை துப்பிய கல்லால் கட்டிய கோயில்.
வெளியே கறுப்பு. மழை அதை இன்னும் கறுப்பாக்கும்.
சேந்த் ரோஸ் தாண்டித் தெற்கே போகிற சாலையில்
தாழம்புதர் முடிந்ததும் சட்டென்று நிற்கும்,
கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

உள்ளே வேறு சங்கதி.
பளிங்கைக் கண்ணால் பார்த்திராத யாரோ
மரத்தூண்களில் பளிங்கு வரைந்திருக்கிறார்.
ரேகைகள் கல்லின் ரேகைகள் அல்ல,
மழைக்காலத்தில் மலையிறங்கும் ஓடைகள்,
கீழே வரவரத் தடிக்கின்றன.
கூரையின் உட்புறம் கவிழ்த்த படகு.
சலவை நீலத்தைச் சுண்ணாம்பில் கரைத்துப் பூசிய வானம்.
நட்சத்திரங்கள் சார்டின் டப்பாத் தகரம்.
நூற்றுப் பதினேழு வரை எண்ணினேன்.
ஒன்றில் இன்னும் மீனின் வால் தெரிகிறது.

பீடத்துக்கு இடப்பக்கச் சம்மனசுக்கு
ஆறு முகம்.
ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் எவரோ ஏணி போட்டு ஏறி
தன் வீட்டுப் பெண்ணின் சாயலில் திருத்தியிருக்கிறார்.
புதுச்சேரியிலிருந்து நான் வந்தது
எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று சொல்ல.

வேலை என்றால் இவ்வளவுதான்:
சாரத்தில் ஏறு. மூச்சை அடக்கு.
உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சன்னல் திற.
கத்தி நுனியால் ஒவ்வொரு அடுக்காக இறங்கு.
பிளாஸ்டிக் பெயின்டின் சிரிப்பு உரிந்தது.
அதற்கடியில் ஒரு மாறுகண்.
அதற்கும் அடியில் மெழுகுத்திரிப் புகை,
எத்தனையோ பூசைகளின் பிசுக்கு.
ஆறாவது முகம் வெறும் கரிக்கோடு;
வாய் வைக்க மறந்துவிட்டார்கள்.

ஏழு: படம் இல்லை, வெறுஞ்சுவர் என்று
குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே கத்தியை இழுத்தேன்.
செதில் ஒன்று விழுந்தது.
விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது
ஈரச் சுண்ணாம்பில் ஆணியால் கீறிய எழுத்து.
என் எழுத்து.

*கூடை சுமந்தது ௪௰௨
கூலி வந்தது ௩௰௧
பாக்கி*

அவ்வளவுதான். பாக்கிக்கு எதிரே
என் கத்தி போன பள்ளம்.

கீழே கூட்டம் சேர்ந்துவிட்டது.
பாடற்குழுப் பெண்கள், பங்குச் சாமியார்,
கையில் கோயில் சாவியோடு
எதிர்த்த சமோசாக் கடை ழிசேல் ஆர்முகோம்.
(அந்தக் குடும்பப் பெயரை முதல்நாள் ரசீதில் பார்த்து
சம்மனசை நிமிர்ந்து பார்த்தேன்.
சிரித்த காரணத்தை அவளிடம் சொல்லவில்லை.)

ஜெபமா? என்றார் சாமியார்.
மந்திரமா? என்றாள் ஒருத்தி, மெல்ல,
சாமியாருக்குக் கேட்காதபடி.
கணக்கு, என்றேன்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
தகரக் கூரைமேல் மழை தொடங்கியது.

எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு:
இல்லாததை நிரப்பாதே.
பலகையில் மண்டியிட்டு
விழுந்த செதிலைத் தேடினேன்.
கிடைத்தது அரிசி நொய்யளவு தூள்.
எந்தத் துணுக்கிலும் ஒரு சுழி, ஒரு வளைவு இல்லை.
மேற்குக் கரையில் பவழத்தைச் சுட்ட சுண்ணாம்பு;
அத்தனை தூரம் எவர் தலையிலோ வந்தது.
ஊதினால் போய்விடும்.
காகிதத்தில் மடித்து
சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அதுவும் சட்டப்படி தப்பு.

என்ன கணக்கு? ழிசேல் விடவில்லை.
மேலிருந்தே சொன்னேன்:
நாற்பத்திரண்டு கூடை சுமந்திருக்கிறான்.
முப்பத்தொன்றுக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

சில்லறை எண்ணியே பழகிய வாய்.
விரலைக்கூட மடக்கவில்லை.
"ஒன்ஸ்" என்றாள், அவள் பேச்சில்,
யாரோ கடையில் கேட்டதுபோல,
சாமியார் பக்கம் திரும்பி.

அவர் குடையைத் தேடினார்.