எடைமேடை, இரவுப் பணி

காவேரிப்பட்டணம், மாங்கூழ்க் கம்பெனி.
கரண்ட் போய் முக்கால் மணி நேரம்.
வந்ததும் சீட்டு அடித்தேன்:
இருபத்தேழு டன், அறுநூற்று நாற்பது கிலோ,
கொச்சி துறைமுகம்,
ஓட்டுநர் மாதையன்.

சாவியைத் திருப்பினார்.
ஸ்டியரிங் பக்கத்துச் சின்னப் பெட்டி
ஊதச் சொன்னது. ஊதினார்.
சிவப்பு.

"பெங்களூரா ரெண்டு தின்னேன் பாப்பா,
அளிஞ்ச பழம், அந்த வாசம்தான்"
என்றார் என்னிடம்,
பெட்டியிடம் சொல்ல முடியாமல்.
இருக்கலாம்.
வாய் கொப்பளித்துக் கால் மணி நேரம் நின்றார்.
பழமென்றால் போயிருக்கும்.
மறுபடியும் சிவப்பு.

பின்னால் ஆறு வண்டி ஆரன்.
கிளீனர் திம்மராசுவைக் கூப்பிட்டு
"நீ ஊதுடா" என்றார்.
பீடிகூடப் பிடிக்காத பையன்.
பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"அண்ணே, தொப்பூர் இறக்கத்துல அது திரும்பக் கேக்கும்.
அப்ப நான் உங்க மடியிலயா உக்காருவேன்?"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.
டிராக்டர் கட்டி ஓரமாக இழுத்தார்கள்.
தார்ப்பாயை விரித்துப் படுத்தார்,
முதலாளியை, பெட்டியை,
கூடவே என்னையும் திட்டிக்கொண்டு.
பாதித் திட்டில் குறட்டை.

காலை ஏழு ஐம்பது. பச்சை.
நேற்றுச் சீட்டு செல்லாது என்பதால்
மறுபடி மேடையேற்றினேன்.
அதே இருபத்தேழு டன், அறுநூற்று நாற்பது.
முகம் கழுவின ஈரத்தோடு
கையெழுத்துப் போட்டுப் போனார்,
ஒரு வார்த்தை பேசாமல்.

அந்த ராத்திரி தொப்பூரில்
எதுவும் நடக்கவில்லை.
நடக்காததைப் பதிய
என் புத்தகத்தில் கட்டம் இல்லை.
பழைய சீட்டை மட்டும்
இன்னும் கிழிக்கவில்லை.