ஐந்து மில்லிமீட்டர்

செமஃபோர் கடற்கரையில் ஜனவரி.
நாற்பத்திரண்டு பாகை என்றது வானொலி.
மணலில் கால் வைத்தவர்கள் எல்லாரும்
ஒரு சின்னக் கூத்து ஆடித்தான்
தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்தார்களாம்.
நாங்கள் ஏழு மணிக்குப் போனோம்.
வெயில் அப்போதும்
கடன் கொடுத்தவன்போல் எழும்பாமல் இருந்தது.

பாலத்தின் நுனியில் நண்டு பிடிக்கிறவர்கள்
வாளிக்குள் அடிக்கடி எட்டிப் பார்த்தார்கள்.
கீழே தூண்களுக்கிடையில் கடல்
எதையோ சொல்ல வந்து
பேசாமல் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

கரை முழுக்கக் கணவாய் ஓடு.
வெள்ளை வெள்ளையாய்,
யாரோ நூறு சோடிச் சப்பாத்தின்
உள்ளட்டையை உருவி எறிந்ததுபோல.
கிளி வளர்ப்பவர்கள் பொறுக்குவார்கள்.
நான் வாழ்த்து அட்டைக்குப் பொறுக்கினேன்.

ஓட்டின் மென்பக்கத்தைச்
சீமெந்துப் படியில் மெல்லத் தேய்த்தால்
உள்ளே வரி வரியாய் ஒரு கடல்.
நான் செதுக்கவில்லை, அது வளர்ந்த விதம்.
நீல மை தொட்டுத் தடித்த தாளில் ஒற்றினால்
அலை. ஒவ்வொரு முறையும் வேறு அலை.
மேலே ஒரு மஞ்சள் வட்டம்.
சாருமதி அதைச் சூரியன் என்கிறாள்.
தேநீர்க் கோப்பையின் அடி என்று
நான் சொல்லவில்லை.

சிப்பி ஒட்டினால் வடிவாயிருக்கும் என்றாள்.
மாட்டேன் என்றேன்.
தபால் பிரிக்கும் நிலையத்தில்
பதினொரு வருடம் இரவு வேலை செய்கிறவனுக்குத் தெரியும்:
ஐந்து மில்லிமீட்டர்.
அதற்கு மேல் தடித்த அன்பை
இயந்திரம் விழுங்காது.
பட்டிக்குள் சிக்கும், இருமும், நிற்கும்.
சிவப்பு விளக்கு எரியும்.
நான்தான் மூடியைத் திறந்து
எத்தனை பேருடைய மினுக்கத்தூளை,
பொத்தானை, காய்ந்த பூவை,
ஒருமுறை ஒரு பால்பல்லை
விரலால் தோண்டி எடுத்திருக்கிறேன்.

இருபத்துமூன்று அட்டைகள்.
இருபத்திரண்டுக்குப் 'பொங்கல் வாழ்த்து' போதும்.
மிச்சம் ஒன்று வாகீசனுக்கு,
பிரம்டனில் இருக்கிற என் தம்பிக்கு.

நாலு வருடமாய்ப் பேச்சில்லை.
காணி இல்லை, காசு இல்லை காரணம்.
அப்பாவின் செத்தவீட்டை
அவன் அங்கிருந்தும் நான் இங்கிருந்தும்
கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தோம்.
நான் சிரித்தேன் என்கிறான்.
சிரித்தேன்தான்.
மந்திரத்தின் நடுவில் ஐயர் நிமிர்ந்து
"சிக்னல் கிடைக்குதோ பிள்ளையள்?" என்று கேட்டார்.
அப்பா இருந்திருந்தால்
அவர்தான் முதலில் சிரித்திருப்பார்.

இதை எப்படி ஒரு அட்டைக்குள் எழுதுவது?
'அன்புள்ள' என்று தொடங்கினேன்.
பேனை அங்கேயே நின்றது.
கையால் செய்த அட்டையில்
அடித்துத் திருத்தவும் முடியாது.

கடைசியில் மடிப்புக்குள்
ஒரு தேக்கரண்டி மணல் போட்டேன்.
போடக்கூடாது.
மணல் பட்டிக்கு நஞ்சு, எனக்குத் தெரியாததா?
நாலு ஓரமும் நாடா ஒட்டி,
தட்டி, பரப்பி,
அளவுகோல் வைத்துப் பார்த்தேன்.
நாலரை.
அன்றிரவு என் பட்டியில் அது வரவில்லை.
வந்திருந்தால் பிடித்து வைத்திருப்பேனோ என்னவோ.

மார்ச் நடுவில் ஒரு உறை.
உள்ளே வெறும் அட்டை, ஒரு சொல் இல்லை.
தாள் ஊறி,
எங்கள் முகவரியில் பாதி கரைந்து,
தபால்காரி கண்டுபிடித்ததே பெரிது.

பனியை அள்ளி வைத்து அனுப்பியிருக்கிறான் என்றேன்.
பக்கத்து வீட்டுக்காரன் புல்லுக்கு அடிக்கிற தண்ணி
எங்கள் தபால்பெட்டிக்குள் போகிறது என்றாள் சாருமதி.
போகிறதுதான்.
போன மாதம் மின்சாரக் கட்டணமும்
இப்படித்தான் நனைந்து வந்தது.

கொடியில் கவ்வி போட்டுக் காயவிட்டேன்.
காயக் காயத் தாள் நெளிந்து எழும்பியது.
மேசையில் வைத்து அளந்தேன்.
ஏழு.
இனி எந்த இயந்திரத்திலும் போகாது.

குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்தேன்.
நிற்கவில்லை, வழுக்கி விழுந்தது.
சாருமதி ஒன்றும் சொல்லாமல்
இழுப்பறையைத் திறந்து
இன்னொரு காந்தம் தேடினாள்.