குழாய் கடிக்கிறது

நகரியில் தறி ஓடாத ஞாயிறு.
ஈரக் கையோடு குழாயைத் திருகினேன்.
கடித்தது.
முழங்கை வரை ஏறி இறங்கியது.

மஸ்தான் வந்து மெயினை இறக்கினார்.
அப்போதும் குழாயில் டெஸ்டர் எரிந்தது.
"மீதி காதக்கா" என்றார்.
தெலுங்கில் அது, உங்களுடையது இல்லை.
என் காதில் விழுந்தது
மீதி.

பக்கத்து வீட்டு ஹீட்டரின் மீதி.

புஷ்பாவதியோடு பேசி மூன்று வருஷம்.
சுவர் அரையடி தள்ளிய வழக்கு
புத்தூர் கோர்ட்டில் கிடக்கிறது.
சுவருக்கு அடியில் இரண்டு வீட்டுக்கும்
ஒரே துருப்பிடித்த ஜி.ஐ. பைப்.

முன்பெல்லாம் எது கசிந்தாலும்
தெரு முழுக்க ஓடிய இரும்பு
மண்ணில் கரைத்துவிடும்.
போன பங்குனியில் நகராட்சி
பிளாஸ்டிக் பதித்துவிட்டுப் போனது.
எங்கள் பைப்புக்கு
வாசலோடு பூமி முடிந்தது.

ஹீட்டரைக் கழற்றினார்.
சுவரோரம் குழி வெட்டி, கரி, உப்பு, செம்புத் தகடு.
பச்சை ஒயரில் இரண்டு குழாயையும் சேர்த்துக் கட்டி
உள்ளே இறக்கினார்.
"காய விடாதீங்க. தினம் ஒரு குடம்."
யார் குடம் என்று சொல்லவில்லை.

கத்திரி வெயில்.
சாயங்காலம் குடத்தோடு போனால்
குழி ஏற்கெனவே நனைந்திருக்கிறது.

நானும் ஊற்றினேன்.
வழக்கு வாய்தா பதினாறாம் தேதி.