பேட்டரி தீர்ந்துகொண்டிருந்த குளிர்காலம்

போலுங்கார்விக்கில்
நவம்பர் முடிவதற்குள் வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும்.
திரும்பி வர ஜனவரி கடைசி ஆகும்.
மீன் ஆலையில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை,
கத்திக்கு விளக்கு போதும்.

எனக்குப் பதினேழு.
அடியிலிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடி மேசையில்
காட் மீன் துண்டத்தை விரித்துப் புழு பொறுக்குகிற வேலை.
எதிரில் போகுமீவா, போலந்துக்காரி.
எங்களுக்குப் பொதுவாக இருந்தவை பதினொரு சொற்கள்,
அதில் நான்கு மீன்கள்.

ஊருக்குப் போகும் நாளில்
ரப்பர் ஏப்ரனைக் கழற்றி என் ஆணியில் மாட்டிப்போனாள்.
பையில் ஒரு கேசட்.
ஒட்டுத்தாளை உப்புத்தண்ணீர் தின்றிருந்தது.
மிச்சம் ஒரு கே, பாதி ஓ.

எங்கள் டேப் ரெக்கார்டருக்கு
அப்பாவின் படகு வேண்டாமென்று ஒதுக்கிய பேட்டரிகள்.
கிட்டார் சேற்றில் நடந்து வந்தது.
டிரம்ஸ்காரன் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் யோசித்தான்.
பாடியவனுக்கு அறுபது இருக்கும் என்று நினைத்தேன்,
யாரையோ புதைத்துவிட்டு நேராக ஸ்டுடியோவுக்கு வந்தவன்,
கோட்டைக்கூடக் கழற்றாதவன்.
போலிஷ் தெரியாததால் மறுக்க ஆளில்லை.
மார்ச்சுக்குள் அவனுக்கு எழுபது ஆகிவிட்டது.

இரண்டு மாத ஓவர்டைமில் பேஸ் கிட்டார் வாங்கினேன்.
அவன் ஆழத்துக்குத் தந்திகளை இறக்கினேன்,
தளர்ந்து கரகரத்தன.
ஏழாவது பாட்டில் ஓர் இடம்,
எல்லோரும் நின்றுவிட பேஸ் மட்டும் கீழே போகும்,
நிலவறைப் படியை இருட்டில் கால் துழாவுவதுபோல.
அந்த எட்டு ஸ்வரங்களுக்கு ஏப்ரல் முழுக்கப் போனது.

ரெய்க்யவிக்கில் முதல் பேண்ட்.
ஏன் இவ்வளவு மெதுவாக என்றான் ஸ்தெய்ங்ரீமுர்,
குச்சியைக் காதில் செருகிக்கொண்டு.
இரண்டாவது பேண்டும் அதையே கேட்டது.
மூன்றாவது கேட்கவில்லை.
அவர்களோடு ஒன்பது வருஷம்.

ஒரு சுற்றுப்பயணத்தில் க்தான்ஸ்க்.
டிராம் திரும்புகிற முனையில் பழைய இசைத்தட்டுக் கடை.
பெயர் தெரியாது என்று எட்டு ஸ்வரங்களை முனகிக் காட்டினேன்.
கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.
மறுபடி முனகினேன்.
அவர் விரல் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தது,
சும்மா, என்னை விரட்டுகிற மாதிரி,
வேகம் கூடியது, இன்னும் கூடியது,
சட்டென்று நின்றது.
ஏணியில் ஏறினார்.

உறையில் நான்கு பையன்கள்.
மீசை சரியாக முளைக்காதவன்தான் பாடுகிறவன்.
ஊசி இறங்கியதும்
பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன்போலப் பாடினான், பல்லெல்லாம் தெரிய.
என் நிலவறைப் படிகளை
இரண்டிரண்டாகத் தாவி இறங்கினார்கள்.

கல்யாணத்தில்கூட இதற்கு ஆடுவோம் என்றார் கடைக்காரர்.
தலையாட்டினேன். காசு கொடுத்தேன்.
வீட்டில் இருக்கிறது, போடுவதில்லை.

மேடையில் இப்போதும் கிழவனுக்குத்தான் வாசிக்கிறேன்.
ஆனால் போகுமீவா,
வேலை நேரம் முழுக்க எதையோ வாய்க்குள் பாடுவாயே,
ஆலை இரைச்சலில் ஒன்றும் கேட்டதில்லை,
கண்ணாடி வெளிச்சத்தில் உன் உதடு மட்டும் தெரிந்தது.
அது வேகமாகத்தான் அசைந்தது.