ஐம்பது கிலோ

சுங்காய் செம்பனை ஆலையில்
நிறுவைப் பாலத்து இரவுக் கிராணி நான்.
ஆறிப்போன தேத்தண்ணிக்குக் கீழே
தொலைக்கல்விப் பாடம்: மெய்யியல், ஓர் அறிமுகம்.
சனிக்கிழமை பரீட்சை.
முதல் அலகு, முதல் வரி:
அறியும் வழிக்கு அளவை என்று பெயர்.
சிரித்துவிட்டேன்.
ஆறு வருஷமாய் வேறென்ன செய்கிறேன்?

பத்தேகாலுக்குச் சின்னமுனியின் லாரி.
குலையோடு 15,620.
கொட்டிவிட்டு மழையோடு திரும்பி வந்தபோது 6,530.
தோட்டத்துச் சீட்டைக் கண்ணாடி இடுக்கில் நீட்டினார்.
ஐம்பது கிலோ குறைகிறது.
"எவன் தின்னான்?"

சிவப்பு எண் காட்டுவதுதான் கணக்கு,
காணாததைப் பற்றிப் பேசாதீர்கள் என்றேன்.
அந்த நிமிஷம் நான் உலகாயதி.
"எண்ணுக்குக் கண் இருக்கா கிராணி?"
பதில் அடுத்த அலகில் இருக்கிறதாம்.

மண்டோர் ஹமீது எட்டிப் பார்த்து
"நசிப்" என்று ஒரே சொல்லில் முடித்து
சிகரெட் பற்றவைத்தார்.
ஊழைப் பற்றி ஆசீவகர் எழுதிய நூல்களில்
ஒன்றும் மிஞ்சவில்லை என்கிறது பாடம்.
அதுவும் நசிப் போல.

ஆய்வுக்கூடத்து ஜெகதா கையில் எண்ணெய்ப் பிசுக்கு.
"பழத்துக்குள்ள இருக்கிறதுதான் வெளிய வருது.
மணலைப் பிழிஞ்சா மணல்தான்.
அம்பது கிலோ எங்கயாவது இருக்கு, தேடு."
சாங்கியம் அவள் படித்ததில்லை.
நாளைக்கு நாற்பது மாதிரி பிழிகிறாள்.

கூரைமேல் வெள்ளையாய் எழுகிறது.
புகை கண்டால் நெருப்பு என்பர் நியாயக்காரர்.
இது பழம் வேகும் ஆவி.
போன வருஷம் புதுக் காவலாளி ஒருவன்
இதைப் பார்த்துத் தீயணைப்பு வண்டியை வரவழைத்தான்.
கருதலுக்கு உதாரணம் கேட்டால் அவனைத்தான் எழுதுவேன்,
மதிப்பெண் வராவிட்டாலும்.

மெக்கானிக் ஆ செங் சக்கரத்தைத் தட்டினான்.
"எஞ்சின் மாத்தியாச்சு, கதவு மாத்தியாச்சு,
தொட்டி ஈப்போ பழைய இரும்பு.
நீ எந்த லாரியை நிறுக்கிற?"
தேரைப் பிரித்துப் பார்த்த பௌத்தப் பக்கத்துக்கு
நான் இன்னும் வரவே இல்லை.

அத்துவைதம் மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை.
கயிற்றைப் பாம்பென்று மயங்குவதாம்.
எங்கள் காட்டில் தலைகீழ்:
கயிறென்றுதான் முடியாண்டி கையை நீட்டினான்.
இப்போது இரண்டு விரல் இல்லை.

வைசேடிகர் பட்டியலில் கடைசிப் பொருள், இன்மை.
அதை எந்தத் தராசில் வைப்பது என்று
பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்தபோது
லாரியின் மறுபக்கக் கதவு திறந்தது.

பவளக்கொடி.
உதிரிப்பழம் பொறுக்குகிறவள்.
கொட்டுமிடத்தில் மழைக்கு ஏறிக்கொண்டாளாம்,
டவுனில் இறங்க.
நாளைக் காலை பதிவிலாகா, இது ஒன்பதாவது தடவை.
பிறந்த சீட்டு இல்லை.
பிறந்ததைப் பார்த்தவர் யாரும் உயிரோடு இல்லை.
சம்பளப் புத்தகத்தில் அவள் பழம்
பக்கத்து வீட்டுக்காரி பெயரில் ஏறுகிறது.

லாரியை நகர்த்தச் சொல்லிவிட்டு
"பாலத்து மேல நில்லுக்கா" என்றேன்.
பத்துக் கிலோவுக்குக் கீழே இந்தப் பாலத்துக்குத் தெரியாது.
நாற்பது என்றது.
ஐம்பது என்றது.
இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று
சமணரைப் போல் கொஞ்சம் தடுமாறி
ஐம்பதில் நின்றது.
மழையில் நனைந்த பையோடு சேர்த்து.

"அப்ப என் காசு?" என்றார் சின்னமுனி.
திருத்தி அடித்துக் கொடுத்தேன்.

அவளுக்கும் ஒன்று அடித்தேன்.
தேதி, மணி, எடை, ஆலை முத்திரை.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
"இதைக் காட்டினா ஒத்துக்குவாங்களா?"

நம்பத்தக்கவர் சொல்லும் ஓர் அளவை.
நம்பத்தக்கவர் யார் என்பது
பாடத்தில் ஒன்றரைப் பக்கம்.
வாசித்திருக்கிறேன், நினைவில் இல்லை.

அடுத்த லாரி ஹாரன் அடிக்கிறது.
அவள் சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைக்கிறாள்.
'சரக்கு' என்ற கட்டத்தை
வெறுமையாய் விட்டிருந்தேன்.