பத்துக்கு ஆறரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது தனி ஆட்டமில்லை.
பழைய ‘ஓரியன் சுரங்கம்’ இல்லாத கொம்பியூட்டரில்
இந்த சீடி தேத்தண்ணிக் கோப்பை வைக்கத்தான் உதவும்.
வைத்துப் பார்த்தேன். அளவு சரி.

‘விரிவுப் பொதி’ என்று நான் எழுதிக் கொடுத்ததை
ஞாயிறு மலர்ப் பொறுப்பாளர் மயில்வாகனம் அடித்துவிட்டார்.
‘நிவாரணப் பொதி மாதிரிக் கிடக்கு, ஐசே.
சனம் கூப்பன் மட்டையோட வந்து நிற்கும்.’

கொழும்பிலிருந்து ஏ-நைனால் வந்த சீடி.
முகமாலையில் பையைக் கொட்டச் சொன்ன ஆமிக்காரன்
சவர்க்காரத்தை முகர்ந்தான், சட்டைகளை உதறினான்,
சீடியை எடுத்து வெயிலுக்குப் பிடித்தான்.
இருபது வயது இருக்காது. மேலுதட்டில் வியர்வை.
‘கேம்?’
ஓம்.
அங்கே இங்கே பார்த்துக் குரலைக் குறைத்து
தெரிந்த தமிழ் அத்தனையையும் கூட்டிச் சொன்னான்:
‘ஏழு லெவல்... சரியான கஷ்டம். நான் சாகிறது. எப்பவும்.’
ஸிப்பை அவனே இழுத்து மூடினான்.

ஆட்டத்துக்கு வருவோம்.

புதிதாக மூன்று ஆயுதங்கள். நீலக் கதிர்த் துவக்கு
கஸ்தூரியார் வீதி வெல்டிங் கடையைத்தான் நினைவூட்டுகிறது,
சத்தம்கூட அதே.
வேற்றுக்கிரகவாசிகளுக்கு இம்முறை ஒரு கால் கூட.
மூளை பழையதுதான்.
பதுங்குகுழிகள் அபத்தம்.
வாசல் நேரே திறக்கிறது, ஒரு வளைவுகூட இல்லை.
மண்மூட்டைகளைப் பொருத்துக்கு மேல் பொருத்தாக அடுக்கியிருக்கிறார்கள்.
உள்ளே ரியூப் லைற் எரிகிறது!
மாரியில் பதுங்குகுழி எந்த உயரம்வரை நிரம்புமென்று
வடிவமைத்தவருக்கு ஒருவரும் சொல்லவில்லைப் போலும்.
ஒரு தவளைகூட இல்லை.
இதற்கு அரைப் புள்ளி வெட்டு.

ஏழாம் லெவல்.
ஆறாம் கதவு, அதற்கு முன்னால் ஒன்பது காவல்,
என்னிடம் நான்கு ரவை.
ஆனைப்பந்தி நெற் கபேயில், மணிக்கு அறுபது ரூபா,
ஜெனரேற்றர் போட்டால் எழுபது,
பத்தொன்பது தடவை செத்தேன்.
ஹெட்போன் பழுது. வெடி முழுக்க ஸ்பீக்கரில்.
பக்கத்துத் தடுப்பில் ஒரு அம்மா
நெற் போனில் மகனோடு கதைத்துக்கொண்டிருந்தா.
என் இருபதாவது உயிர் இரண்டு ரவையைச் செலவழித்தபோது
ரொறன்ரோவிலிருந்து கரகரத்து ஒரு குரல்:
‘அம்மா, திரும்பத் தொடங்கிட்டுதே?’
‘இல்லையடா ராசா. இது
ஆரோ ஒரு பெடியன் விளையாடுறான்.’
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.
காற்றுக் குழாய்க்குள் என் ஆள் குப்புறக் கிடந்தான்.
அவர்கள் வெங்காய விலை கதைத்தார்கள், பனி கதைத்தார்கள்,
விசா கதைக்காமல் சுற்றிப் போனார்கள்.
பதினொரு நிமிடம்.
அம்மா எழுந்து காசு எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனா.
திரையைப் பார்த்தால் காவல் இல்லை.
ஒன்பது பேரும் எங்கேயோ போய்விட்டார்கள்.
ஆறாம் கதவு திறந்து கிடந்தது.

மறுநாளும் செய்து பார்த்தேன், மணிக்கூட்டோடு.
அதே பதினொன்று.
இவ்வளவு நேரம் ஒருவன் அசையாமல் படுத்திருப்பான் என்று
செய்தவர்களே நினைத்திருக்க மாட்டார்கள்.
இந்தப் பந்தியை மயில்வாகனம் இடமில்லையென்று வெட்டினார்.
அதில் ஒரு பிடவைக்கடை விளம்பரம் வந்தது.

அடுத்த மாதம் முகமாலையில்
வரிசை நகர நகர மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்:
‘வெடி தியன்ட எப்பா. இன்ன.’
சுட வேண்டாம், இரு. அவ்வளவுதான்,
அதற்குமேல் எனக்குச் சிங்களம் இல்லை.
மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட வேறொருவன்.
சவர்க்காரத்தை முகரவுமில்லை.
அந்த வசனத்தை அந்த இடத்தில் அவனிடம் சொல்ல
எனக்கென்ன பைத்தியமா?

கடைசிக் காட்சி நீளம், நடுவில் சேவ் செய்ய முடியாது.
எங்கள் ஊர்க் கரண்டை நம்பி ஒருவரும் தொடங்காதீர்கள்.
பத்துக்கு ஆறரை.
தவளை இருந்திருந்தால் ஏழு.