ஊசிக் காது

கேத்தி ஊசி ஆலையில்
காது பார்ப்பது என் வேலை.
தட்டுக்கு ஐந்நூறு. விளக்குக்கு எதிரே பிடித்தால்
ஐந்நூறு பொட்டு வெளிச்சம் தெரிய வேண்டும்.
அடைத்த காது, கோணல் காது,
காதே இல்லாத மொட்டை,
எல்லாம் விரல் நுனிக்கே தெரியும்; கண் அப்புறம்தான்.

ஆகவே போஜன்
"ஒனக்குக் காதே இல்ல, ஜெனிட்டா" என்றபோது
சிரிப்பு வந்தது.
பிறகு வரவில்லை.

ஒத்திகை இப்ராகிமின் வர்க்கி அடுமனையில்,
ராத்திரி ஒன்பதுக்குமேல், மாவு புளிக்கிற நேரம்.
கிளாரிஸின் கீபோர்டு இரண்டு மைதா மூட்டைமேல்.
கேரட் கழுவும் எந்திரத்தை நிறுத்திவிட்டு
ஈரக் கால்சட்டையோடு வருவான் போஜன்,
டிரம் முன்னால் உட்கார்ந்ததும் கை காய்ந்துவிடும்.
நான் டிரம்பெட். சர்ச் குழுவில் ஏழு வருஷம்
தாளில் இல்லாத ஒரு மூச்சும் விட்டதில்லை.

ஜாஸில் தாள் பாதியிலேயே தீர்ந்துவிடுகிறது.
"இனி பன்னெண்டு பார் ஒனக்கு" என்கிறார்கள்.
பார் என்றால் பார்.
பார்த்தேன்.
கிளாரிஸ் தலையசைத்து எண்ணுவது தெரிந்தது,
இப்ராகிமின் பேஸ் படிப்படியாக இறங்குவது தெரிந்தது,
பத்து, பதினொன்று...
வாய் நிறையக் காற்று.
எங்கே போவதென்று காற்றுக்குத் தெரியவில்லை.

வெட்கம் பொறுக்காமல் ஒரு காரியம் செய்தேன்.
பன்னிரண்டு பாரையும் வீட்டில் எழுதினேன்,
ஆலையின் பழைய வருகைப் பதிவேட்டுப் பின்பக்கம்.
நடுவில் தடுமாறுவதுபோல் ஓர் இடம்,
அப்போதுதான் கண்டெடுத்ததுபோல் ஓர் உச்சி.
கண்ணை மூட வேண்டிய இடத்தைக்கூடக் குறித்துக்கொண்டேன்.
முதல் ராத்திரி இப்ராகிம் "ஆகா" என்றான்.
இரண்டாம் ராத்திரி சும்மா இருந்தான்.
மூன்றாம் ராத்திரி போஜன் குச்சிகளைக் கீழே வைத்தான்:
"நேத்தும் இதே எடத்துலதானே தடுக்கி விழுந்தே?"

தை மாதம். உருளைக்கிழங்குத் தோட்டம் முழுக்க உறைபனி.
சனிக்கிழமை குன்னூர் ஓட்டலில் வாசிப்பு.
பஸ்ஸிலேயே உதடு வெடித்துவிட்டது.
சின்னக் கீறல்தான், நட்டநடுவில்,
ஊதுவாய் உட்காரும் இடத்தில்.
எழுதிவைத்த உச்சிக்கு இன்று ஏற முடியாது.
உறைந்த தேங்காயெண்ணெயைச் சுரண்டித் தடவினேன்.
மேசைகளில் பாலக்காட்டுக் குடும்பங்கள், ஒரு தேனிலவு ஜோடி.
ஒருத்தரும் எங்கள் பக்கம் திரும்பவில்லை.
யாரோ ஜன்னலைத் திறக்க, பனிமூட்டம்
இடம் கிடைக்காத வாடிக்கையாளர் மாதிரி
உள்ளே வந்து நின்றது.

என் முறை.

மூன்று சுரம்தான் வலிக்கவில்லை.
அடியில் கிடக்கிற மூன்று,
மற்றவர்கள் பாடும்போது சும்மா பிடித்துக்கொண்டிருப்பவை.
ஒன்றை வைத்தேன்.
உதட்டைத் துடைத்தேன். அதற்குள் இரண்டு பார் போயிற்று.
போன இடத்தில்
சிம்பலின் ஓரத்தை ஒரு தரம் தொட்டான் போஜன்,
யாருக்கோ பதில் சொல்வதுபோல.
யாருக்கு?
அடுத்ததை அவனுக்கு வைத்தேன்.
இறங்க வேண்டிய படியில் இறங்காமல்
இப்ராகிம் நின்றான்.
ரத்தம் உப்புக் கரித்தது.
எண்ணுவதை எப்போதோ விட்டிருந்தாள் கிளாரிஸ்.
பன்னிரண்டு தாண்டி எங்கேயோ இருந்தோம்,
திரும்பும் வழி ஒருவர் முகத்தில் ஒருவருக்குத் தெரிந்தது.
தேனிலவுப் பெண் ஸ்பூனைப் பாதி தூரத்தில் பிடித்திருந்தாள்.
சூப் சுட்டிருக்கவும் கூடும்.

கடைசி பஸ்ஸில் கிளாரிஸ் சொன்னாள்:
"அடுத்த வாரமும் அதையே வாசி."
எதை?
வீட்டுக்கு வந்து பதிவேட்டில் எழுதிப் பார்த்தேன்.
மூன்று புள்ளி.
நடுவில் இருந்ததை எழுதப் பென்சில் இல்லை.

திங்கட்கிழமை. தட்டு. ஐந்நூறு.
விளக்குக்கு எதிரே பிடிக்கிறேன்.
ஊசியில் ஊசி இல்லாத இடம்தான் காது.
இத்தனை வருஷம் இதற்குத்தான் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

"தட்டுல என்ன தாளம்?" என்கிறார் சூப்பர்வைசர்.
உதடு இன்னும் எரிகிறது.
மொட்டை ஒன்று.
ஒதுக்குகிறேன்.